தைராய்டு மாத்திரையால் படபடப்பு: நிறுத்துவதா, அளவைத் திருத்துவதா?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 54, எடை 62 கிலோ. தென்காசி பக்கம் அரசுப் பள்ளியொன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று நான்கு ஆண்டுகளுக்கு முன் 50 மைக்ரோகிராம் மாத்திரையைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு இரத்தப் பரிசோதனையிலும் டி.எஸ்.எச். என்ற தைராய்டு எண் 9, 12 என்றே வந்ததால் 75, 100, 125 என்று ஏற்றி, கடைசியில் 150-இல் நிறுத்தினார்கள். காலை ஐந்தரைக்குக் காபியோடு மாத்திரையைப் போட்டுவிட்டு, இட்லி சாப்பிட்டதும் கால்சியம் மாத்திரை போடுவது என் வழக்கம். கடந்த தை மாதம் மருந்துக் கடைக்காரர், "வெறும் வயிற்றில் தண்ணீரோடுதான் போட வேண்டும்" என்றார். அன்றிலிருந்து அப்படியே செய்கிறேன். கால்சியத்தையும் இரவுக்கு மாற்றிவிட்டேன். அடுத்த சில மாதங்களில் படபடப்பு, கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை எல்லாம் வந்துவிட்டன. கரும்பலகையில் எழுதினால் எழுத்து நெளிகிறது. முடி கொத்துக் கொத்தாக உதிர்வதால் இரண்டு மாதமாக பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையும் எடுக்கிறேன். சென்ற மாதம் டி.எஸ்.எச். 0.06 என்று வந்தது. எதிரில் 'குறைவு' என்று அச்சிட்டிருந்தார்கள். குறைவு என்றால் மாத்திரையைக் கூட்ட வேண்டும் என்கிறார் நாத்தனார். இதெல்லாம் மாத்திரையின் பக்க விளைவு, எலும்பும் கிட்னியும் போய்விடும், சித்த மருந்துக்கு மாறு என்கிறார் மதினி. நானாகவே மாத்திரையை நிறுத்தி 12 நாட்கள் ஆகின்றன, படபடப்பு குறைந்திருக்கிறது. ஆயுள் முழுவதும் இதைச் சாப்பிடத்தான் வேண்டுமா? இதே மாத்திரையைச் சாப்பிடும் என் மகள் இப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. அவளையும் நிறுத்தச் சொல்லலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் எழுத வேண்டும். உங்கள் மகள் மாத்திரையை ஒரு நாள் கூட நிறுத்தக் கூடாது. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் குழந்தையின் தைராய்டு சுரப்பி வேலை செய்யத் தொடங்கியிருக்காது. அந்தக் காலத்தில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தேவையான ஹார்மோன் தாயின் இரத்தத்திலிருந்துதான் போக வேண்டும். ஏறத்தாழ மூன்றாம் மாத முடிவில் குழந்தையின் சுரப்பி தொழிலைத் தொடங்கினாலும், போதிய அளவுக்குச் சுரக்க ஐந்தாம் மாதம் ஆகிவிடும். அதனால் இந்த மாத்திரையைச் சாப்பிடும் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் மருந்தின் அளவு குறைவதில்லை. பெரும்பாலோருக்குக் கால் பங்கிலிருந்து அரைப் பங்கு வரை கூட்ட வேண்டியிருக்கிறது. கர்ப்பம் உறுதியானபின் அவருக்கு டி.எஸ்.எச். பார்த்திருக்கிறார்களா என்று இன்றே கேளுங்கள். பார்க்கவில்லையென்றால் இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பத்தின் பாதிக் காலம் வரையில் நான்கு வாரத்துக்கு ஒரு முறை பார்ப்பது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல், நான்கு மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். பால் கொடுக்கும் காலத்திலும் இந்த மாத்திரையால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோதே கண்ணில் பட்டது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தக் காபி. உங்களுக்கு நேர்ந்த அத்தனைக்கும் விளக்கம் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நீங்கள் சாப்பிடுவது லெவோதைராக்ஸின். இது உடலுக்குப் புதிதான வேதிப்பொருள் அன்று. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி நாள்தோறும் சுமார் 80 முதல் 100 மைக்ரோகிராம் வரை சுரக்கும் தைராக்ஸின் என்ற ஹார்மோனும் இந்த மாத்திரையில் இருப்பதும் ஒன்றேதான்; இது வெளியிலிருந்து வருகிறது, அது உள்ளிருந்து வருகிறது என்பதைத் தவிர உடலுக்கு இரண்டிலும் வேறுபாடு தெரியாது. ஆகவே, வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்குவது போலவோ, சில கிருமிக்கொல்லிகள் வயிற்றுப்போக்கை உண்டாக்குவது போலவோ, சரியான அளவில் போகும் தைராக்ஸினுக்கென்று தனியாகப் பக்க விளைவுகள் அநேகமாக இல்லை. மாத்திரையில் சேர்க்கும் நிறமூட்டியோ, மாத்திரையைத் திரட்டச் சேர்க்கும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை போன்ற பொருளோ ஒத்துக்கொள்ளாமல் ஒருசிலருக்குத் தோலில் அரிப்போ வயிற்று உபாதையோ வருவதுண்டு, அது அரிது. மற்றபடி மக்கள் 'பக்க விளைவு' என்று சொல்லும் படபடப்பு, நடுக்கம், வியர்வை, எரிச்சல், தூக்கமின்மை, அடிக்கடி மலம் கழித்தல், வெயில் தாங்காமை, எடை குறைதல் ஆகிய அனைத்தும் ஹார்மோன் அளவுக்கு மிஞ்சிப் போனதன் அடையாளங்கள். சுரப்பி தானாகவே மிகையாகச் சுரக்கும் நோயாளிக்கும் இதே தொல்லைகள்தாம் வரும்.

அப்படியானால் நான்கு ஆண்டுகளாக ஒத்துக்கொண்ட மாத்திரை இப்போது எப்படி மிஞ்சியது? இந்த மாத்திரை சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கினால் அதில் 70 முதல் 80 சதவீதம் வரை இரத்தத்தில் சேரும். காபியோடு போனால் அந்தப் பங்கு குறைந்துவிடும். நம் வீட்டுக் காபியில் பாலும் இருக்கிறது. பாலின் கால்சியமும் மாத்திரையைப் பிடித்துக்கொள்ளும். சிறிது நேரத்தில் கால்சியம் மாத்திரையும் பின்னாலேயே போனால், குடலில் மிச்சம் இருக்கும் தைராக்ஸினையும் அது பற்றிக்கொண்டு வெளியே தள்ளிவிடும். நீங்கள் விழுங்கியது 150 என்றாலும், உடலுக்குள் போய்ச் சேர்ந்தது அதைவிட வெகு குறைவு. உடலில் ஹார்மோன் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறும்; உங்கள் மருத்துவர் அறிக்கையில் 12 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, மாத்திரை போதவில்லை என்று முடிவு செய்து ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்.

இது எங்கள் தொழிலில் இருக்கும் குறை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். "மாத்திரை போடுகிறீர்களா?" என்று கேட்கிறோம், "எப்படிப் போடுகிறீர்கள், எதோடு போடுகிறீர்கள், அதற்குப் பிறகு எதைச் சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்க நேரம் ஒதுக்குவதில்லை. முதல் முறை அளவை ஏற்றும் முன்பே யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் உங்களுக்கு 150 எழுதியிருக்கவே வேண்டியதில்லை. தைராய்டு அனேகமாக முழுவதும் செயலிழந்த ஒருவருக்குக்கூட, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பதே பொதுவான கணக்கு. 62 கிலோவுக்கு அது ஏறக்குறைய 100 மைக்ரோகிராம்தான் வரும். நீங்கள் அதைப் போல ஒன்றரை மடங்கு எடுத்துக்கொண்டிருந்தீர்கள். காபியும் கால்சியமும் அந்த மிகையை மறைத்து வைத்திருந்தன. மருந்துக் கடைக்காரர் சொன்னது முற்றிலும் சரியான அறிவுரை. நீங்கள் அதைக் கேட்டு நடந்ததும் சரி. ஆனால், சாப்பிடும் முறையை மாற்றியபோது அளவையும் திருத்தியிருக்க வேண்டும் என்று அந்த இடத்தில் சொல்ல யாரும் இல்லை. தை மாதத்துக்குப் பிறகு, நீங்கள் விழுங்கிய 150 தடையில்லாமல் உள்ளே போகத் தொடங்கியது.

உங்கள் நாத்தனாரின் குழப்பம் மிகப் பலருக்கு உள்ளது, ஆபத்தான குழப்பமும்கூட. அறிக்கையில் 'குறைவு' என்று போட்டிருந்தது தைராய்டு ஹார்மோனை அன்று, டி.எஸ்.எச்.-ஐ. அது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை வாங்க அனுப்பும் ஏவல். வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் வரப்பில் நிற்பவர் மடையில் இருப்பவரை உரக்கக் கூவி அழைக்கிறார். வயல் நிறைந்துவிட்டால் கூவுவதை நிறுத்திவிடுகிறார். டி.எஸ்.எச். என்பது அந்தக் கூவல். உடலில் ஹார்மோன் குறைந்தால் அது ஏறும், ஹார்மோன் மிஞ்சினால் அது இறங்கும். பெரியவர்களுக்குச் சுமார் 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டிய எண் உங்களுக்கு 0.06 என்றால், வயல் நிரம்பி வழிகிறது என்றுதான் பொருள். அந்த நிலையில் மாத்திரையைக் கூட்டியிருந்தால் உங்கள் இதயம் தாங்கியிருக்குமா என்று எண்ணவே எனக்குக் கவலையாக இருக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள்: இரத்தத்தில் தைராக்ஸின் கொஞ்சம் ஏறி இறங்கினாலே டி.எஸ்.எச். பல மடங்கு ஏறி இறங்கும். அதனால்தான் 12.5 மைக்ரோகிராம் என்ற சிறு படிகளில் கூட்டவும் குறைக்கவும் செய்கிறோம். 'அரை மாத்திரை கூடப் போட்டால் என்ன' என்று வீட்டில் முடிவு செய்யும் மருந்து அன்று இது.

இந்தக் கணக்கில் ஒரு சிக்கலும் இருக்கிறது. முடிக்காக நீங்கள் எடுக்கும் பயோட்டின். முடி, நகத்துக்கென்று விற்கும் மாத்திரைகளில் நம் தினசரித் தேவையைப் போலப் பல நூறு மடங்கு பயோட்டின் இருக்கும். அது உடலுக்குப் பெரிய தீங்கு செய்யாது. ஆனால் பல பரிசோதனைக் கூடங்களின் கருவிகளில் பயோட்டினையே ஒரு பசை போலப் பயன்படுத்தி ஹார்மோனை அளக்கிறார்கள். இரத்தத்தில் அது மிகுந்திருந்தால் கருவி ஏமாந்து, டி.எஸ்.எச்.-ஐ இருப்பதைவிடக் குறைவாகவும், தைராக்ஸினை இருப்பதைவிட அதிகமாகவும் காட்டிவிடும். உங்கள் 0.06 என்ற எண்ணில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பயோட்டினின் வேலை என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் பயோட்டின் கருவியைத்தான் ஏமாற்றும். கரும்பலகையில் எழுத்தை நெளிய வைக்காது, தூக்கத்தைக் கெடுக்காது. நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகள் அத்தனையும் மிகையையே காட்டுகின்றன. எனவே மிகை உண்மை என்றே வைத்துக்கொள்கிறேன். அது எவ்வளவு என்பதை மட்டும் மறுபரிசோதனை சொல்லட்டும். பயோட்டினை இன்றோடு நிறுத்திவிடுங்கள். குறைந்தது இரண்டு நாட்கள், அதிக அளவு எடுத்திருந்தால் ஒரு வாரம் கழித்து இரத்தம் கொடுங்கள்.

முடி உதிர்வைப் பற்றி உங்களுக்கு இருக்கும் மன வருத்தம் வரிகளுக்கிடையே தெரிகிறது. ஹார்மோன் குறைந்தாலும் முடி உதிரும், மிஞ்சினாலும் உதிரும், அளவு திடீரென்று மாறினாலும் உதிரும். உடலுக்குள் ஒரு மாற்றம் நடந்தால் முடி அதை இரண்டு மூன்று மாதம் தாமதித்தே காட்டும். திரும்பி வளர்வதும் அப்படித்தான். அளவு சீரானபின் ஆறு மாதம் பொறுங்கள். அதற்கு முன் ஒரு முறை ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பெண்களுக்கு முடி கொட்டுவதற்கு இரும்புச்சத்துக் குறைவும் ஒரு முக்கியமான காரணமாக இருக்கிறது.

மாத்திரையை நிறுத்தியதும் படபடப்பு குறைந்ததே, அதுவே இது பக்க விளைவு என்பதற்குச் சாட்சி அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். அது மிகைக்குச் சாட்சி. மாத்திரையே வேண்டாம் என்பதற்குச் சாட்சி அன்று. தைராக்ஸின் உடலை விட்டு மெல்லத்தான் போகும். பாதி வெளியேறுவதற்கே ஏறக்குறைய ஏழு நாட்கள் ஆகும். 12 நாட்களில் மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கும். நிரம்பி வழிந்த வயல் இப்போது அளவாக இருப்பதால் உங்களுக்குச் சுகமாக இருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று வாரங்கள் இப்படியே விட்டால் வயல் காய்ந்துவிடும். நான்கு ஆண்டுகளுக்கு முன் இருந்த களைப்பும், குளிர் தாங்காமையும், மலச்சிக்கலும், முகவீக்கமும், மந்தமும் ஒவ்வொன்றாகத் திரும்பும். நீங்கள் நிற்பது நடுவில் இருக்கும் ஒரு நல்ல நாளில். அதை நிலையான சுகம் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆகவே இந்த வாரத்துக்குள் மருத்துவரை நேரில் பாருங்கள். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் பார்த்து, ஈ.சி.ஜி. ஒன்று எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். டி.எஸ்.எச்.-ஓடு, இரத்தத்தில் இருக்கும் தைராக்ஸினையே அளக்கும் ஃப்ரீ டி4-ம் பார்க்க வேண்டும். ஏனென்றால் நீண்ட நாள் அடங்கிக் கிடந்த டி.எஸ்.எச். எழுந்து வரச் சில வாரங்கள் பிடிக்கும், அதை மட்டும் பார்த்தால் இப்போதைய நிலை தெரியாது. மாத்திரையை மறுபடி தொடங்கியபின் எப்போது ஃப்ரீ டி4 பார்த்தாலும், அன்று காலை இரத்தம் கொடுத்த பிறகு மாத்திரையைப் போடுங்கள். மாத்திரை போட்டுச் சில மணி நேரம் வரை அந்த எண் சற்றே ஏறி நிற்கும். என் கணக்குப்படி உங்களுக்கு 100-ஐ ஒட்டிய அளவோ, அதற்குச் சற்றுக் குறைவோ போதுமானதாக இருக்கும். ஆயினும் ஈ.சி.ஜி.-ஐயும் புதிய அறிக்கையையும் கையில் வைத்திருக்கும் மருத்துவரே அதை முடிவு செய்ய வேண்டும். கடிதத்தைப் பார்த்து நான் எழுதும் எண்ணை வைத்து நீங்களாகத் தொடங்கிவிட வேண்டாம். படபடப்பு இன்னும் தொல்லை தந்தால் சில வாரங்களுக்கு மட்டும், இதயத் துடிப்பைத் தணிக்கும் ப்ரொப்ரனலால் போன்ற மாத்திரை தருவார்கள்; உங்களுக்கு ஆஸ்துமா இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதற்கிடையில் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், தாளம் தப்பி ஓடும் துடிப்பு ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் புறநோயாளர் நேரத்துக்காகக் காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இதயத்தைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊர் மக்களைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்து வரும் ஆய்வில், 60 வயதைக் கடந்த சுமார் 2000 பேரை 10 ஆண்டுகள் கவனித்து 1994-இல் முடிவை வெளியிட்டார்கள். டி.எஸ்.எச். 0.1-க்கு மிகாமல் இருந்தவர்களுக்கு, இதயத்தின் மேலறைகள் தாளம் தவறித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறு, மற்றவர்களைப் போல மூன்று மடங்கு வந்திருந்தது. அந்தக் கோளாறில் இதயத்துக்குள் இரத்தம் உறைந்து, மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தை உண்டாக்கலாம். உங்களுக்கு 60 ஆகவில்லை. அதற்குள் பிடிபட்டது நல்லதாயிற்று. இதய நோய் உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றுவதும் இதனால்தான். பல காலம் மந்தமாக ஓடிப் பழகிய இதயத்தை ஒரே நாளில் விரட்டினால், அடைப்புள்ள இரத்தக் குழாய் ஈடுகொடுக்காமல் நெஞ்சுவலி வந்துவிடும்.

உங்கள் மதினி சொன்ன எலும்புத் தேய்மானம் பாதி உண்மை. ஹார்மோன் மிகை நீண்ட நாள் நீடித்தால், முக்கியமாக மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்கு, எலும்பு அடர்த்தி குறையும். சரியான அளவில் போகும் மாத்திரை எலும்பைக் கரைப்பதில்லை. உங்களுக்கு மிகை நீடித்தது சில மாதங்கள்தான் என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனாலும் உங்கள் வயதில் ஒரு முறை எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. கால்சியத்தை இரவுக்கு மாற்றியது நல்ல யோசனை, அப்படியே தொடருங்கள்.

கிட்னியைப் பற்றிய அச்சத்துக்கு ஆதாரமே இல்லை. உண்மையில் நடப்பது நேர்மாறு: தைராய்டு குறைவைக் கவனிக்காமல் விட்டால்தான் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைந்து, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு இரத்தத்தில் ஏறும், கெட்ட கொழுப்பும் ஏறும், மாத்திரை சரியான அளவில் போகத் தொடங்கியதும் இரண்டும் இறங்குவதைப் பார்க்கிறோம்.

உங்கள் மதினி சொன்ன சித்த மருந்தைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் பெரியவர்களுக்கு வரும் தைராய்டு குறைவுக்குப் பெரும்பாலும் காரணம், உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைப் பகையென்று எண்ணி அரித்துவிடுவது. ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1912-இல் இதை விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்குகிறது. அழிந்த சுரப்பியை மீண்டும் சுரக்கவைக்கும் மருந்து ஆங்கில மருத்துவத்திலும் இல்லை. இல்லாததை ஈடுசெய்வதைத்தான் நாங்கள் செய்கிறோம். மூட்டுவலிக்கோ செரிமானத்துக்கோ சித்த மருத்துவரிடம் நீங்கள் போவதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் தைராக்ஸினை நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாக எதையும் சாப்பிடாதீர்கள், எதைச் சாப்பிட்டாலும் இரு மருத்துவர்களிடமும் மறைக்காதீர்கள். கடற்பாசித் தூள் போன்று அயோடின் மிகுந்த பொருள்கள் ஹஷிமோட்டோ உள்ளவர்களுக்கு நிலைமையை மோசமாக்கக் கூடும். சாதாரண அயோடின் உப்பு போதும்.

ஆயுள் முழுவதுமா என்ற கேள்வியைக் கேட்கும்போது நோயாளிகளின் முகம் வாடுவதை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களிடம் ஒரு பழைய வரலாற்றைச் சொல்வேன். 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர், தைராய்டு குறைவால் முகமும் உடலும் வீங்கி ஒடுங்கிப்போயிருந்த 46 வயதுப் பெண்மணிக்குச் செம்மறியாட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகச் செலுத்தினார். அந்தக் காலத்தில் அந்த நோய்க்கு மருந்தே இல்லை. நோயாளிகள் சில ஆண்டுகளில் மெல்ல மடிவதுதான் வழக்கம். அந்தப் பெண்மணி எழுந்து நடமாடினார். பின்னர் ஊசி போய், வாய்வழியாகவே சாற்றைக் குடித்து வந்தார். 28 ஆண்டுகள் வாழ்ந்து 74-ஆம் வயதில், 1919-இல் காலமானார். அதுவரை அவருக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. இன்று ஒரு குப்பியில் 100 மாத்திரைகள் வருகின்றன, விலையும் எளியவர்களுக்குக் கட்டுப்படுவதாக இருக்கிறது. கண்ணாடி போடுபவர் ஆயுள் முழுவதும் போட வேண்டியிருக்கிறதே என்று நாம் வருந்துவதில்லை. இதையும் அப்படி எடுத்துக்கொள்ளத்தான் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பிரசவத்துக்குப் பின் வரும் தற்காலிகக் குறைவு, டி.எஸ்.எச். இலேசாக மட்டும் ஏறியிருப்பது போன்ற சில நிலைகளில் மருத்துவர் பார்த்து நிறுத்துவதுண்டு. உங்களுக்கு அந்த வாய்ப்பு இருப்பதாகத் தோன்றவில்லை.

மாத்திரையின் பிராண்டை அடிக்கடி மாற்ற வேண்டாம். பிரான்சில் 2017-இல், சுமார் 30 லட்சம் பேர் சாப்பிட்டு வந்த தைராக்ஸின் மாத்திரையில், ஹார்மோனைத் தொடாமல், உடன் சேர்க்கும் லாக்டோஸுக்குப் பதில் மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தார்கள். அடுத்த மாதங்களில் களைப்பு, தலைசுற்றல், முடி உதிர்தல், தூக்கமின்மை என்று ஆயிரக்கணக்கான புகார்கள் வந்து, பழைய வகையை ஓரளவுக்கு மீண்டும் கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்தத் தொல்லைகளில் எத்தனை மாத்திரையால், எத்தனை அச்சத்தால் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. நான் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் எளியது: கடையில் வேறு பிராண்டு கொடுத்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஆறு வாரத்தில் ஒரு முறை டி.எஸ்.எச். பாருங்கள்.

எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஓர் அம்மாவுக்கு எவ்வளவு ஏற்றியும் டி.எஸ்.எச். இறங்கவில்லை. காபி இல்லை, கால்சியம் இல்லை. தவறாமல் விடியற்காலையில் தண்ணீரோடுதான் போட்டார். மாத்திரையைக் கொண்டுவரச் சொன்னேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு சிறிய எவர்சில்வர் குங்குமச் சிமிழை எடுத்து மேசைமேல் வைத்தார். குப்பியைத் திறக்க விரலில் வலுவில்லை என்பதால் மொத்தமாக அதில் கொட்டி, கைக்கெட்டும்படி அடுப்புக்கு மேல் பலகையில் வைத்திருந்தாராம். இட்லி கொப்பரையின் ஆவி நாள்தோறும் அதில் பட்டிருக்கிறது. மாத்திரைகள் ஓரம் உதிர்ந்து மங்கியிருந்தன. தைராக்ஸின் வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஈரத்துக்கும் வீரியம் இழக்கும். புதுக் குப்பியை வாங்கி, அதிலேயே வைத்து, அடுப்படியை விட்டுத் தள்ளி வைத்த பிறகு பழைய அளவே அவருக்கு மிகையாகப் போய், குறைக்க வேண்டியதாயிற்று. உங்கள் குப்பி எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மாத்திரையைத் தொடங்கியபின் விடியற்காலையில் தண்ணீரோடு போட்டு, அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். காலை ஐந்தரைக் காபியை விட முடியாதென்றால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடுவதும் சரியே. அப்போது கால்சியத்தை மதியத்துக்கு மாற்றிவிடுங்கள். எந்த வழியைத் தேர்ந்தாலும் தினமும் அதையே கடைப்பிடியுங்கள். வழியை மாற்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு நாள் மறந்தால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். அமிலத்தைக் குறைக்கும் வயிற்று மாத்திரை, இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின், சர்க்கரை மருந்து ஆகியவற்றில் எதையேனும் புதிதாகத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் தைராய்டு மருத்துவருக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் அவை இதையும், இது அவற்றையும் பாதிக்கும்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் மூன்று செய்திகளை மட்டும் எழுதி எடுத்துப் போங்கள்: தை மாதம் வரை காபியோடு சாப்பிட்டது, அதன்பின் வெறும் வயிற்றில் சாப்பிட்டது, பயோட்டினைத் தொடங்கிய நாளும் நிறுத்திய நாளும். பழைய அறிக்கைகளை அதோடு சேர்த்து வையுங்கள். புதிய அளவைத் தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி டி.எஸ்.எச். பார்த்துவிட்டு, வந்த எண்ணையும் உங்கள் கைநடுக்கம் எப்படி இருக்கிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள். மகளுடைய டி.எஸ்.எச்.-ஐ அதற்குக் காத்திருக்காமல் அடுத்த கடிதத்திலேயே எழுதுங்கள்.